பாயோடு ஒட்டாத துரை

2025 ஜனவரி 5, ஞாயிறு

விடிந்ததில் இருந்து மழை. கொடியில் போட்ட உடுப்பு காயாமல் மணக்கிறது. அந்த எரிச்சலில், "டேய் துரை, சோம்பேறி, எழும்புடா!" என்று கத்தினேன். நாய்க்குட்டியும் எழும்பியது, என் மனுஷனும் எழும்பினார்.

இவருடைய பெயர் இராசதுரை. கலியாணம் கட்டின நாளில் இருந்து "இஞ்சருங்க" என்பதைத் தவிர நான் வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழுகாமத்து அருமைநாயகம் அண்ணன் இந்த நாய்க்குட்டியைத் தந்த அன்றே துரை என்று பெயர் வைத்துவிட்டேன். இனி ஆசை தீர ஏசலாம். நாய்க்குத்தானே!

ஜனவரி 6

குட்டிக்குத் தடுப்பூசி போடச் செங்கலடிக்குப் போனோம். மிருக வைத்தியர், அஜந்தா என்று ஒரு சின்னப் பிள்ளை. ஊசிக்கு முதல் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டது. மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றது. "என்ன டொக்டர், உள்ளுக்கு ரேடியோ பாடுதா?" என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"இதயத்தில ஒரு இரைச்சல் கேக்குதம்மா. சில குட்டிகளுக்கு வளர வளரத் தானா மறைஞ்சிரும். மறையாட்டி இதயத்தில பிழை இருக்கெண்டு அர்த்தம். ஒரு மாதம் பாப்பம்."

அதுவரைக்கும் ஓட விடக்கூடாதாம். பயப்படுத்தக்கூடாது, சந்தோசத்தில் துள்ளவும் விடக்கூடாது. பல் முரசு வெளிறினால் உடனே கொண்டுவர வேண்டுமாம்.

துள்ளாத குட்டி எந்த ஊரில் இருக்கு? வரும்போது ஓட்டோவில் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு வந்தான். இவனுக்கா நெஞ்சு வருத்தம்?

ஜனவரி 7

"அருமைநாயகத்திட்ட இன்னொரு குட்டி நிக்குது. இதைக் குடுத்திட்டு அதை எடுப்பம். செத்துப்போனா நீதான் கிடந்து அழுவாய்" என்றார் இவர்.

"உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு சொன்ன அண்டைக்கு, 'மாமி, இவரை நீங்களே வைச்சிட்டுத் தம்பியாரை மாத்தித் தாங்க' எண்டு உங்கட அம்மாட்டக் கேட்டனா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. திருப்பிக் கொடுத்தால் அங்கே இவனை யார் பார்ப்பது?

ஜனவரி 9

எங்கள் மட்டக்களப்பார் வந்த ஆளை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஊருலகம் முழுக்கக் கதை. எங்கே அந்த மந்திரக்காரர், வரட்டும் பார்ப்போம்! அடுப்படி மூலையில் பன்புல்லில் இழைத்த பன்பாயை விரித்து, சுற்றிப் பலகை அடைத்து, இவனைப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால் — பலகைக்கு மேலே இரண்டு காது.

அவன் நித்திரையில் கிடக்க, நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். என்னுடைய இதயம் அடிக்கிறதுதான் கேட்டது.

ஜனவரி 11

என் குரல் கேட்டால்தான் இந்தத் துள்ளல் எல்லாம். வாயை மூடிவிட்டேன்.

ஜனவரி 13

நாளைக்குப் பொங்கல். பக்கத்து வளவுப் புஸ்பத்திடம் போய், "சீனவெடி கொளுத்தாதீங்க புள்ள, குட்டிக்கு நெஞ்சில வருத்தம்" என்றேன்.

"போங்கக்கா! போன பொங்கலுக்கு நான் பானை இறக்கக்குள்ள பின்னால வெடி போட்டது ஆரு? இப்ப நாய்க்கு நெஞ்சு வருத்தமாம்!"

"உண்மையா புள்ள."

"உங்கட முகத்தைப் பாத்தா உண்மை போலதான் கிடக்கு. அதுதான் எனக்குப் பயம்!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. நான் பழக்கின சிரிப்பு. என்னத்தைச் சொல்ல?

ஜனவரி 14

பால் பொங்கின நேரம் பக்கத்து வளவில் சீனவெடி வெடித்தது. முழுக் கட்டு. பானையை விட்டுவிட்டு ஓடினேன். குட்டி அடைப்புக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, சரிந்தான். நாலு காலும் விறைத்துப்போச்சு. உதட்டைத் தூக்கினேன், முரசு பால் மாதிரி வெள்ளை. டேய் துரை, என்ட மனே, மூச்சை விடுடா, ஐயோ இஞ்சருங்க ஓடி வாங்க —

மூச்சு வந்தது. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று தெரியாது. புஸ்பம் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடி வந்து வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, பகிடியெண்டல்லோ நினைச்சன்."

எங்கள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

ஜனவரி 15

டொக்டரிடம் கொண்டுபோனோம். இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இன்னொருக்கா விழுந்தா கஷ்டம் அம்மா" என்றது.

ஜனவரி 16

பாயோடு ஒட்டிவிட்டான். தலை தூக்கவில்லை. பலகையை எடுத்துவிட்டேன், அப்படியும் வரவில்லை. இதைத்தானே கேட்டாய் கேதீஸ்வரி என்று என்னையே ஏசினேன். இந்தா, கிடக்கிறான் பார். எழும்புடா. ஒருக்கா எழும்பன்டா.

ஜனவரி 19

மீன் அவித்த தண்ணியை நக்கினான். இவர்தான் விரலில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தார். குட்டி மாற்றுகிற கதையை இப்போது எடுப்பதில்லை.

ஜனவரி 27

இரண்டு நாளாக வளவுக்குள் மெல்ல நடக்கிறான். நான் பின்னாலேயே, வாய் திறக்காமல்.

இவர் வலை வீசப் போய்வந்து குந்தியிருந்து சொன்னார்: "வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு புள்ள. ஏன் இப்ப துரை எண்டு கூப்பிடுறதில்ல?"

"நாயையா, உங்களையா?"

"ஆரையெண்டாலும்."

பெப்ரவரி 10

செங்கலடி. டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. குழாயை அங்கே வைத்தது, இங்கே வைத்தது, மறுகா அங்கே. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. இவர் சுவரில் இருந்த மாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முந்தி வைச்ச உடன கேட்டுது. இப்ப தேடினாத்தான் கேக்குது. நல்ல அடையாளம் அம்மா. முற்றாப் போச்செண்டு இன்னும் சொல்ல ஏலாது, கொஞ்ச மாதத்தால திரும்பக் கொண்டு வாங்க."

"அதுவரைக்கும் பாயிலயா டொக்டர்?"

"இல்லம்மா. ஓடட்டும்."

பெப்ரவரி 12

பன்பாயில் ஒரு மூலையைக் காணவில்லை.

முற்றத்தில் நின்று, "துரை! கள்ளா! இஞ்ச வாடா!" என்று வளவு அதிரக் கத்தினேன். இரண்டு பேரும் வந்தார்கள். வாயில் பன்பாய் நாரோடு வந்தவன்தான் முதலில் வந்தான்.