கோபத்தோடு தொடக் கூடாத பெட்டி

இன்று காலை சலவை இயந்திரத்தின் வாய் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மடிப்புக்குள் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், வெடித்து முடிந்த பிரைமர் ஒன்று. உளுந்தளவு உலோகத் தொப்பி, நடுவில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம். உங்கள் காற்சட்டை மடிப்பில் ஏறி வந்து வீடு முழுக்கச் சிந்திக் கிடந்தவற்றில் இதுவும் ஒன்று. நீங்கள் போய் ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. உங்கள் உடுப்புகளையெல்லாம் கொடுத்தாயிற்று. முன்பென்றால் அங்கே நின்றபடியே உங்களைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். இன்று சமையலறை நிலத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

சூட்டுச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்த மனிதர், லண்டனில் சந்தா கட்டிச் சுடப் போகிறார் என்றால் எந்தப் பெண்சாதிக்குத்தான் விசர் வராது? ரயில் சிக்னல் வேலையில் உங்களோடு இருந்த கீத் ஒரு சனிக்கிழமை உங்களைத் தன் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அதோடு பிடித்துக்கொண்டது. பொலிஸ் வந்து வீட்டைப் பார்த்து, கேள்வி கேட்டு, லைசென்ஸ் தரும்வரை நான் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு நாள் கேட்டேன், பட்டதெல்லாம் போதாதா என்று. நீங்கள் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"அங்கை சத்தம் எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்சை நான் விரலை அமத்தினால்தான் வரும்."

கடதாசி இலக்கைச் சுட்டுவிட்டு வந்த நாட்களில் நீங்கள் நன்றாக நித்திரை கொண்டீர்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு தோட்டா செய்கிற அந்தப் பிரஸ் வந்தது. பின்தோட்டத்து ஷெட்டில் மேசையோடு சேர்த்துப் பூட்டிய நீல இரும்புச் சாமான். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக்கோதுகளைத் தட்டில் ஏற்றிக் கைபிடியை இழுத்துத் தள்ளினால், ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டு ஒரு படி சுழன்று கடைசியில் புதுத் தோட்டா விழும். எல்லாம் தானாக நடக்கும் என்று பெருமை பேசினீர்கள். பிரைமர் மட்டும் தானாக நடக்கவில்லை. கோதின் அடியில் பொருந்தும் அந்தச் சின்னத் தொப்பியில்தான் நெருப்பே இருக்கிறது. அது ஒரு மெல்லிய குழாயிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, சறுக்குத் தகட்டில் ஏறி, கோதுக்கு நேரே போய் நிற்க வேண்டும். ஒன்று தலைகீழாக நின்றாலும் அன்றைய வேலை கெட்டது.

உங்களுக்கோ சீனி வருத்தம் விரல் நுனிகளின் உணர்ச்சியைச் சாப்பிட்டுவிட்டது. ஒரு நாள் மதியம் ஷெட்டுக்குள்ளிருந்து நீங்கள் உங்களையே ஏசுகிற சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். முழங்காலில் நின்று, நிலத்தில் சிதறிய பிரைமர்களை எடுக்க ஏலாமல் தடவிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தேன். அன்றோடு அந்த வேலை என்னுடையதாயிற்று. சுளகில் அரிசி புடைத்த கைக்கு அது கஷ்டமில்லை. வரி போட்ட வட்டத் தட்டில் பிரைமர்களைக் கொட்டி மெல்ல ஆட்டினால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். குழாயின் நுனியால் ஒவ்வொன்றாக அமத்தி எடுத்து நிரப்புவேன். சறுக்குத் தகடு போய் வருகிற தூரத்தைத் திருகாணியால் சரிபார்ப்பேன். நீங்கள் கைபிடியைத் தள்ளிப் பிரைமரை அமர்த்தியதும் கோதின் அடியை விரலால் தடவிப் பார்ப்பதும் நான்தான். ஒரு மயிரளவு வெளியே நின்றாலும் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, "எப்பிடி?" என்று கேட்பீர்கள். "ஓம், சரி" என்பேன். பதினேழு வயதுப் பெடியனைப் போல் சந்தோசப்படுவீர்கள்.

ஒரு வருடம் ஆயுத பூசையன்று நான் கோவிலில் வாங்கி வந்த சந்தனத்தை வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் வைத்தேன். தையல் மெஷின், கார், உங்கள் பிரஸ், ஒன்றையும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பிரைமர் இறங்கவே இல்லை. அடி ஓட்டையாகவே இருந்த கோதுகளிலிருந்து வெடிமருந்து தட்டெல்லாம் ஒழுகியது. நீங்கள் ஸ்பிரிங்கைக் கழற்றினீர்கள், டோர்ச் அடித்துப் பார்த்தீர்கள், பிரஸ் செய்த கொம்பனியைத் திட்டினீர்கள். கடைசியில் சறுக்குத் தகட்டின் இடுக்கிலிருந்து காய்ந்த மஞ்சள் துகள் ஒன்றைச் சுரண்டி எடுத்து மணந்து பார்த்தீர்கள்.

"பொட்டை நெத்தியிலை வையும். இடுக்கிலை வையாதையும்."

சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அடுத்த வருடமும் பொட்டு வைத்தேன், கைபிடியில்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் விளையாடுவதே இல்லை. கோபத்தோடு இருக்கிறவர்கள் பிரைமர் பெட்டியைத் தொடக் கூடாது. அவசரப்பட்ட கை அழுத்தும். இறுகி நிற்கிறதை அழுத்தினால் வெடிக்கும். அதனால் எங்கள் சண்டையெல்லாம் ஷெட் வாசலிலேயே தீர வேண்டியிருந்தது. வெஸ்ட் ஈலிங் கோவில் தேருக்குப் போய் காரை நிறுத்த இடம் தேடியபோது தொடங்கின சண்டை, நீங்கள் தேத்தண்ணிக்கு ஒளித்துச் சீனி போட்டுக் குடித்த சண்டை, மகள் கலியாணத்துக்கு யாரை அழைப்பது என்ற சண்டை எல்லாம் அந்த வாசலில் கோப்பையோடு நின்று பேசித் தீர்த்தவை. சில நாள் அரை மணித்தியாலம் ஆகும். சில நாள் மழையில் நனைந்தோம். கடைசியில் நீங்கள் "சரி, என்னிலை பிழை" என்பீர்கள், அல்லது நான் "போகட்டும், வாங்கோ" என்பேன். சாப்பாட்டு மேசையில் வாயே திறக்காத மனிதர் நீங்கள். அந்த வாசல் இல்லாவிட்டால் உங்கள் மனதில் இருந்ததில் பாதி எனக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் தீரவில்லை. அதற்கு முதல் நாள் கீத் போன் எடுத்து, கிளப்பில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள், இப்போது எப்படி என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் வைத்து உங்களைக் கேட்டேன். வயிற்றுக் காஸ் என்றீர்கள். டொக்டரிடம் வரச் சொன்னேன். மாட்டேன் என்றீர்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னால் நீர் என்னைச் சுடப் போக விடமாட்டீர்" என்றீர்கள். நான் உள்ளே போய்விட்டேன். நீங்கள் பெட்டியைத் திறக்காமல் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தீர்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் இல்லை.

துவக்குகளைப் பொலிஸ் எடுத்துப் போனது. மருந்தையும் மிச்சப் பிரைமரையும் கீத் கொண்டு போனார். பிரஸ்ஸையும் அவரே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விற்றுவிடச் சொல்லி மகளும் நச்சரித்தாள். போன சனிக்கிழமை கீத் தன் பிரைமர் பெட்டியோடு வந்தார். குழாயும் தகடும் சரிபண்ணுவது நான்தான் என்று கிளப்பில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறீர்களாம். ஒரு தரம் செய்து காட்டச் சொன்னார். தகட்டைத் துடைத்துப் பூட்டினேன், குழாயை அதன் இடத்தில் நிறுத்தினேன், வெறுமையாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் பட்டுப்போல் ஓடியது. பிறகு அவர் பெட்டியைத் திறந்து தட்டில் பிரைமர்களைக் கொட்டினார்.

என் கை அதற்குப் போக மறுத்தது. இன்றைக்கு என்னால் ஏலாது, கோபமாக இருக்கிறேன் என்றேன். கீத் சிரிக்கவில்லை. உங்கள் சட்டம் அவருக்கும் தெரிந்திருந்தது. யாரோடு என்று மட்டும் கேட்டார். என் மனுசனோடுதான் என்றேன். அவர் பிரைமர்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கி, அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

அவர் போன பிறகு நான் வாசலில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். நெஞ்சு நோவை எனக்கு ஒளித்தவர் நீங்கள், என்னைத் தனியே விட்டவர் நீங்கள் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஏசினேன். பிறகு உங்கள் பங்கையும் நானே சொல்லிப் பார்த்தேன்: "சரி, என்னிலை பிழை." உங்கள் குரல் எனக்கு வரவில்லை. "போகட்டும், வாங்கோ" என்று நான் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

இந்தக் கோபம் ஒன்றுதான் உங்களோடு எனக்கு மிச்சமிருக்கிற பேச்சு. கீத்துக்குப் போன் எடுத்து, இந்தக் கிழமையும் வர வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.