ஒரு விசில்

மார்ச் 4

என் செல்ல மகளுக்கு,

நான் நலம். "கால்சியத்தை வச்சுத்தான் செடி கஷ்டத்தைத் தாங்குதாம், என் பொண்ணு ஆராய்ச்சி பண்றா" என்று பக்கத்து வீட்டில் அளந்துவிட்டேன். அளந்தவன் சும்மா இருப்பேனா? மாடி ரோஜா வாடியிருந்தது. என் கால்சியம் மாத்திரையில் ஒரு பிடி நசுக்கி வேரில் போட்டேன். தொட்டிக்கு வெள்ளையடித்ததுதான் மிச்சம். பத்தாம் வகுப்போடு பஸ் ஏறிய கண்டக்டர் மூளை வேறென்ன செய்யும்?

எழுத்து கோணலாக இருக்கிறதா? பஸ் குலுங்குகிறது.

ரைட், ரைட்!
அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பா,

ரோஜாவை விட்டுவிடுங்கள், பாவம். செடியின் செல்லுக்குக் கால்சியம் வெறும் சத்து இல்லை, உங்கள் விசில் மாதிரி. சாதாரண நாளில் அதை உள்ளே அதிகம் விடாது. மண்ணில் உப்பு ஏறினாலோ, தண்ணீர் வற்றினாலோ கதவு திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். பாய்கிற தாளத்தை வைத்தே என்ன ஆபத்து என்று செல் கண்டுகொள்ளும். பிறகு பம்ப் போட்டு வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் விசில் அலறிக்கொண்டே இருந்து செல்லே செத்துப்போகும். அந்தப் பம்ப்தான் என் வேலை.

விசிலே ஊதாத செடிகளும் இங்கே எங்கள் ஆய்வகத்தில் உண்டு. பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் முதலில் படுப்பவை அவைதான்.

அது கிடக்கட்டும். "என் கால்சியம் மாத்திரை"யா? உங்களுக்கு யார் கொடுத்தது, எதற்கு? ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கை எப்போது கடிதம் எழுதியது?

கோபத்துடன்,
உங்கள் மகள்

மார்ச் 27

மகளே,

கண்டக்டரையே டிக்கெட் இல்லாமல் பிடித்துவிட்டாய். பஸ் படிக்கட்டில் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. இது இடது கை எழுத்து. கட்டுப் பிரித்தால் எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, என் எழுத்துக்குப் போட்டியாக. "ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்கணும், வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார் டாக்டர். நீ உன் பம்பைப் பாதியில் விட்டு ஓடிவருவாய் என்றுதான் மறைத்தேன்.

நம் பஸ் டிரைவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். "யோவ், ரத்தம் பார்த்தா எனக்கே மயக்கம் வரும். அப்புறம் ரெண்டு கட்டில் போடணும். பொண்ணுகிட்ட சொல்லித் தொலைய்யா" என்றான்.

எனக்கு ஊசியைப் பார்த்தாலே கண் தானாக மூடிக்கொள்ளும். உனக்குத் தெரியாததா?

இரண்டு விசில் ஊதினால் வண்டி கிளம்பும், ஒன்று ஊதினால் நிற்கும். உன்னை ஆராய்ச்சிக்கு அனுப்பி வைத்த நாளிலிருந்து உனக்கு நான் இரண்டுதான் ஊதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ரைட் கிடையாது.

ஒரு விசில்.

அப்பா