கூட்டை விட்டு வந்த ஈ

1996 ஆவணி, வியாழன் இரவு.

கல்லூரி ஆய்வகத்தில் பழ ஈக்களுக்கு ரவையும் வெல்லமும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவது என் வேலை. "உங்க மாப்பிள்ளைகளுக்கு விருந்து ரெடிங்க, அம்மணி" என்று ஆராய்ச்சி செய்யும் பெண்ணை இன்றும் சீண்டினேன். அவள் ஒரு ஈயைக் காட்டினாள். அது நடக்கத் தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"கூட்டுக்குள்ள புழு ஈயா மாறும்போது மூளையும் மாறோணுங்ண்ணா. ஒரு ஜீன் கெட்டதுல இது சரியா மாறலைங்க."

"அப்பன் ஆத்தா நல்லாத்தானே இருந்துதுங்க?"

"நல்லாத்தான் இருந்துதுங்க. ஆனா ரெண்டுகிட்டயும் அந்தக் கோளாறு ஒளிஞ்சிருந்துது. ஒரே வம்சத்துல சோடி சேர்த்தா இப்படி வெளிய வருமுங்க."

நான் மாமன் மகளைக் கட்டியவன். வளர்ந்த மகனுக்கு இன்றும் நாங்கள்தான் சோறு ஊட்டுகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஏனுங்க, நாளைக்கு உங்க அக்கா வாராங்க. நம்ம பொண்ண அவங்க பையனுக்கே பேசி முடிச்சுப்போடலாமுங்க" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"எதுக்குங்க?"

காரணத்தைச் சொன்னால், நாம் சேர்ந்ததால்தான் மகன் இப்படி என்று அவளிடமே சொல்லவேண்டும். மகனின் வாயைத் துடைத்துவிட்டபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் சொல்லவில்லை. அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவாள்.