மூன்று விரல்

சிஸ்டர்,

நகக்கண்ணில் ஒட்டிய சந்தனம் இன்னும் போகவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் பேரனுடைய பெண் குழந்தைக்குக் கோயிலில் மொட்டை அடித்தார்கள். சந்தனம் பூசி முடித்ததும் ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "தாத்தா, ரெட்டைச் சுழி மாதிரி தெரியுது. ஊர்ல உள்ள குதிரைக்கெல்லாம் பாத்தீங்க, வீட்டுப் புள்ளைக்குப் பாக்க மாட்டீங்களா?" குழந்தையின் உச்சியில் விரலை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. விரல் அப்படியே நின்றுவிட்டது. "கண்ணு சரியா தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

என் கண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். எழுபத்தெட்டு வயதில் ஊசியில் நூல் கோத்துத் தந்தவன் நான். ஆக அது பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். கெடுதலான பொய் ஒன்றை உங்களுக்கு எதிரிலேயே காப்பாற்றி வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு, "இதையுமா எழுதணும் மாமா?" என்கிறாள். எழுது என்கிறேன்.

உங்களை முதலில் பார்த்தது பூதலூர் ஸ்டேஷன் பக்கம். கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருந்த வெள்ளைக் குதிரையை, கால் போனதும் எவனோ அவிழ்த்து விட்டுவிட்டுப் போயிருந்தான். சுவரில் ஒட்டிய போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. கிட்டே போனவர்களையெல்லாம் உதைத்தது. நீங்கள் கையில் ஒரு வாளித் தண்ணீரோடு தள்ளி நின்றீர்கள். மஸ்கட்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த புதிது. யாரோ சொல்லி என்னைக் கூட்டிவரச் செய்தீர்கள்.

"அண்ணே, மனுஷனா இருந்தா எங்க ஊசி போடணும்னு தெரியும். இது எந்தப் பக்கம் கடிக்கும்னே தெரியலையே."

"முன்னாடி கடிக்கும், பின்னாடி உதைக்கும் சிஸ்டர். நடுவுல நில்லுங்க" என்றேன். சிரித்தீர்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

உங்கள் அம்மா நாற்று நட்ட பண்ணையிலேயே எட்டு மா நிலத்தை, மேட்டுத் திடலாகப் பார்த்து வாங்கினீர்கள். மேட்டு நிலமாக ஏன் தேடினீர்கள் என்று பிற்பாடுதான் புரிந்தது. நம்ம பக்கம் எங்கு திரும்பினாலும் சேறு. நெல்லுக்கு ஆகும், குளம்புக்கு ஆகாது. திடலின் மேல் செங்கல் ஜல்லி கொட்டி, அதற்கு மேல் உமியைப் பரப்பிக் கொட்டகை போட்டீர்கள். நான் அதை லாயம் என்றேன். நீங்கள் வார்டு என்றீர்கள். குதிரைக்குப் பெயர் கிடையாது, பெட் நம்பர்தான். ஒவ்வொரு தடுப்பிலும் அட்டை மாட்டி, அதில் கேஸ் ஷீட். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தால் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "என்னை ரவுண்ட்ஸ் கூட்டிட்டுப் போறீங்களா சிஸ்டர்?" என்று கிண்டல் பண்ணுவார்.

எலும்பும் தோலுமாக வருவதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும், கொள்ளை ஊறவைத்து அள்ளிப் போட. நீங்கள் விடமாட்டீர்கள். "பட்டினி கிடந்த உடம்பு அண்ணே. ஒரேயடியா போட்டா செத்துரும். அருகம்புல்லு, கொஞ்சம் கொஞ்சமா, ஆறு வேளை." ஐம்பது வருஷம் குதிரையோடு கிடந்த நான் அதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். புண்ணைக் கழுவுவது உங்கள் வேலை. குளம்பு வெட்டுவது, கை வைத்தால் நடுங்காமல் நிற்கப் பழக்குவது என் வேலை. தேறியதும் நல்ல வீடாகப் பார்த்து அனுப்புவோம். அதற்கு நீங்கள் வைத்த பேர் டிஸ்சார்ஜ்.

அங்கேதான் சுழி வந்தது. குதிரை கேட்டு வருகிறவன் பல்லைப் பார்க்கிறானோ இல்லையோ, முதலில் சுழியைக் கேட்பான். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும், குதிரை வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போய் முடியைப் படிக்கச் சொல்வார்கள். நெற்றியில் இது, கழுத்தில் இது, விலாவில் இது என்று நான் சொன்னால் அதுதான் முடிவு. உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "முடின்னா எந்தப் பக்கமாவது திரும்பித்தானே அண்ணே ஆகணும்?" என்பீர்கள். ஆனாலும், கேட்கிறவர்கள் கேட்கிறார்களே என்று கேஸ் ஷீட்டில் சுழிக்கு ஒரு வரி ஒதுக்கினீர்கள். டிஸ்சார்ஜ் சமயத்தில் நான் விரல் வைத்து அளந்து சொல்ல, நீங்கள் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு என் கைநாட்டு வாங்குவீர்கள். அந்தத் தாள் குதிரையோடு போகும்.

சிஸ்டர், ரேஷன் கடையிலும் பேங்க்கிலும் அந்தக் கட்டைவிரலை நீட்டும்போது எனக்குக் கூசும். உங்கள் தாளில் மட்டும் கூசியதில்லை. டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அல்லவா அது இருந்தது.

ஒருநாள் டீ குடிக்கும்போது கண்ணீர்ச் சுழி என்றால் என்ன என்று கேட்டீர்கள். சொன்னேன். கண்ணின் கீழிமையிலிருந்து இரண்டு விரலுக்குள் சுழி விழுந்தால் கண்ணீர்ச் சுழி. கட்டிய வீட்டில் அழுகை நிற்காது. மூன்றாவது விரல் நுழைந்துவிட்டால் அது வெறும் சுழி, ஒன்றும் செய்யாது. "ஒரு விரல்லதான் அழுகையும் சிரிப்புமா!" என்றீர்கள். அந்த வார்த்தை என்னைக் குத்தியது உங்களுக்குத் தெரியாது.

நாலாம் நம்பர் வந்த நாளுக்கு வருகிறேன். செவலைப் பெட்டை. நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. மணலில் போட்ட தீனியைத் தின்று தின்று வயிறு முழுக்க மணல். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். நீங்கள் முதுகைக் கழுவினீர்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு முகத்தில் அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தேன். இடது கண்ணுக்குக் கீழே சுழி தெரிந்தது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன்.

அதைக் குட்டியாக இருக்கும்போதே எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய வீட்டில் வாங்கிக் கட்டியிருந்தார்கள். சுழி பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசல் வெயிலில் வெகுநேரம் நின்றேன். அந்த வீட்டு மூத்த பையன், இன்ஜினியர் படிப்பு படித்தவன், போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தான்: "ஒரு கைநாட்டு வந்து நிக்குது. அது முடியப் பாத்துச் சொன்னாத்தான் எங்கப்பாவுக்குத் தூக்கம் வரும்." என் காதில் விழ வேண்டும் என்று சொன்னானோ, விழாது என்று நினைத்தானோ. உள்ளே போய்க் குட்டியின் கண்ணுக்குக் கீழே விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விரல் தாராளமாக நுழைந்தது. நிமிர்ந்து, "கண்ணீர்ச் சுழி. இதைக் கட்டுன வீடு உருப்படாது" என்றேன். பையன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நல்ல சந்தோஷம்.

அந்த வாரமே குட்டியைத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவன் காதுக்குச் சேதி போனதும் அவனும் தள்ளினான். அப்படிக் கைமாறிக் கைமாறி, சுழி பற்றிக் கேட்காத கடற்கரை வரைக்கும் போய், புண்ணோடு நம் வார்டுக்கு வந்திருந்தது.

உங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில் வேலை செய்தேன். ஏழு மாசம். மற்ற குதிரைக்கு ஒரு தரம் தேய்த்தால் இதற்கு மூன்று தரம். "இந்த ஒண்ணுக்கு மட்டும் என்ன அண்ணே இவ்வளவு?" என்று கேட்டீர்கள். "சாதுவான ஜீவன் சிஸ்டர்" என்றேன். நீங்கள் அதைப் பாசம் என்று நினைத்தீர்கள்.

ஆடியில், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவர் ஒருவர் தாயாரோடு வந்தார். நாலாம் நம்பரை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதுவும் அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. நீங்கள் எனக்குக் கண்ணைக் காட்டினீர்கள், முடிந்தது என்று. அப்போது அந்த அம்மாள் முன்னால் வந்து குதிரையின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"டேய், இது எங்க அக்கா வீட்டுல கட்டியிருந்த குட்டிடா. இந்தச் சுழிக்குத்தான் வித்தாங்க."

"வித்தப்புறமும் பெரியம்மா அழுதுகிட்டுத்தானம்மா இருக்கு" என்றார் மகன். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே பெரியவரே அன்னிக்குப் பாத்தது? இன்னிக்கு என்ன சொல்றீங்க? நீங்க சரின்னா சரி, ஓட்டிட்டுப் போறோம்."

ஒரு வார்த்தை. அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஐம்பது வருஷம் நான் சொன்னதெல்லாம் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. "சொன்னது சொன்னதுதாம்மா" என்றேன். அவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள். அவர்கள் கார் போன பக்கமே குதிரை வெகுநேரம் காதைத் திருப்பி வைத்திருந்தது.

நீங்கள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. நேரே நாலாம் நம்பர் பக்கத்தில் போய், அதன் கண்ணுக்குக் கீழே உங்கள் விரலை ஒவ்வொன்றாக வைத்தீர்கள்.

"மூணு விரல் இருக்கே அண்ணே."

"உங்க விரல் மெல்லிசு சிஸ்டர்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பாத்திரம் கழுவி, துணி துவைத்து, ஆயிரம் பேருக்குக் கட்டுப் போட்டுக் காய்த்துப்போன உங்கள் விரலை நீங்களே ஒரு தரம் பார்த்துக்கொண்டீர்கள். அப்புறம் அட்டையை எடுத்து என்னமோ எழுதினீர்கள். மறுநாளிலிருந்து எப்போதும் போல "வாங்க அண்ணே" என்றுதான் கூப்பிட்டீர்கள். கேட்டு வந்த மற்றவர்களுக்கும் சேதி எட்டியிருந்தது. நாலாம் நம்பரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மார்கழியில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். மூக்கில் குழாயோடு, "நாலாம் நம்பர் சாப்பிடுதா அண்ணே?" என்றீர்கள். சாப்பிடுது என்றேன். வேறு ஏதோ சொல்வேன் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். பஸ் இருந்தது சிஸ்டர். நிறையவே இருந்தது. தை பிறந்த நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

உங்கள் தம்பி நல்ல மனுஷன். எல்லாக் குதிரைக்கும் வீடு கிடைக்கிற வரைக்கும் திடலைத் தொடமாட்டேன் என்றார். ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் நாலாம் நம்பர் மட்டும் நின்றது. அதன் அட்டையில் இருந்த தாளை நான் உருவி எடுத்துவந்து பெட்டியில் பூட்டிவைத்தேன். நான் செய்ததை அதில் எழுதியிருப்பீர்கள், யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம்.

மொட்டை அடித்த அன்று வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து மருமகளிடம் நீட்டினேன். ஆடி மாசத் தேதிக்கு நேரே இருந்ததைப் படித்தாள்: "இடது கண்ணின் கீழ் சுழி. அளவு மூன்று விரல். குற்றமில்லை. அளந்தவர்: அண்ணன்." பக்கத்தில் கட்டம் போட்டிருந்தது. கட்டத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் தரம் படிக்கச் சொன்னேன். அதேதான் இருந்தது.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். தாளைக் கொடுத்து, சுழி மூன்று விரல், குற்றமில்லை என்றேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். இரக்கப்பட்டிருப்பார்போல. "குட்டியில ரெண்டு விரலா இருந்திருக்கும். மூஞ்சி வளந்ததுல மூணாயிருக்கும். அப்படித்தானே பெரியவரே?" என்று எடுத்துக் கொடுத்தார்.

நல்ல சாக்கு சிஸ்டர். எனக்கே தோன்றாத சாக்கு. ஆமாம் என்றால் என் பேரும் நிற்கும், குதிரைக்கும் வீடு கிடைக்கும்.

"இல்லம்மா. அன்னிக்கும் மூணுதான். உங்க அக்கா மகன் என்னைக் கைநாட்டுன்னு சொன்னான். அந்தக் கோவத்துல சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அன்னிக்குச் சொன்னது பொய்யின்னா இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்புறது? நானே வந்து வெரல வச்சுப் பாத்துக்கறேன்" என்றார். தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு இறங்கியிருக்காது. வருகிற வழியில் கடையில் மைப்பெட்டி வாங்கி, கட்டத்தில் கட்டைவிரலை வைத்தேன். குற்றமில்லை என்று நீங்கள் எழுதியது குதிரையைத்தான். அதற்குப் பக்கத்தில் வைக்கும்போது எனக்கு விரல் கூசியது.

இன்று காலை மினி லாரியோடு வந்தார்கள். அந்த அம்மாள் என்னை விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தன் விரலை வைத்தார். "மூணு" என்று மகனிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் ஏற்றிவிடப் போனேன். "வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். நாலாம் நம்பர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, அந்த மகன் பின்னாலேயே ஏறிக்கொண்டது. தாளும் கூடவே போயிற்று, உங்கள் முறைப்படி. நீங்கள் எனக்காகக் காலியாக விட்டுவைத்து, ஏழு மாசத்துக்கு மேல் கிடந்த கட்டம் நிரம்பியதை நீங்கள் பார்க்கவில்லை.

வார்டில் இப்போது யாரும் இல்லை. உமியைக் கூட்டி ஓரமாகக் குவித்துவிட்டு வந்தேன். சந்தனம் நாளைக்குள் போய்விடும். கட்டைவிரலில் இந்த நீல மை மட்டும் ரேகைக்குள் இறங்கியிருக்கிறது. மருமகள் மண்ணெண்ணெய் எடுத்து வந்தாள், துடைத்துவிடுகிறேன் என்று. வேண்டாம் என்றேன். இந்த மடலுக்குக் கீழே வைக்க அது வேண்டும்.