விளக்கின் மேல் உங்கள் பொட்டு

என் அருமை நங்கையாளுக்கு,

வெள்ளிக்கிழமை வண்டி நடுவழியில் நின்றுபோனது. டயாலிசிஸ் முடித்து அண்ணனைக் கோயம்புத்தூரிலிருந்து கூட்டி வரும்போது, கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்குச் சற்று முன்னால். நீங்கள் கண்ணை மூடின பிறகு உங்கள் காரை நான்தான் ஓட்டுகிறேன். என் அண்ணனை, உங்கள் புருஷனை, ஒரு குறையும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவேன் என்று, உங்கள் கையைப் பிடித்துப் பெரிய இவளாட்டம் சொன்னவளும் நான்தான்.

கொஞ்ச நாளாகவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், வண்டியை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வண்டியில் கோளாறென்று தெரிந்தால் அண்ணன் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாதா? "உனக்கெதுக்கம்மிணி இந்தச் சிரமம், பக்கத்து ஊட்டுப் பையன ஓட்டச் சொல்லிக்கலாம்" என்பார். சாவி கைமாறிவிடும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அடுப்படியே கதி என்று கிடந்தவளை இழுத்துவந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். அந்தச் சாவியை விட மனசு வரவில்லை. அண்ணனுக்காகத்தான் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவிடலாம், உங்களிடம் சொல்ல முடியாது. எனக்கு ஓட்ட ஆசை, அவ்வளவுதான்.

ஆனால் விளக்கு அண்ணன் கண்ணில் படக்கூடாதே. டாஷ்போர்டு டப்பாவைத் திறந்தேன். உங்கள் ஸ்டிக்கர் பொட்டு அட்டை பாதி தீர்ந்து கிடந்தது, அந்தப் பெரிய மெரூன் பொட்டு. உரிக்கும்போது கை கூசியது. இருந்தும் ஒன்றை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை வண்டி இரண்டு தரம் உலுக்கிவிட்டு நின்றபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கி, ரோட்டோரம் நுங்கு விற்கிறவரின் குடைக்குக் கீழே உட்காரவைத்தேன். அந்த மனிதர் பாவம் பார்த்து ஒரு நுங்கை நீட்டினார். அண்ணன் தனக்கு ஆகாதென்று கையாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அளந்து குடிக்கச் சொன்ன தண்ணீரும் பாட்டிலில் தீர்ந்திருந்தது. நான் செத்துப்போயிருக்கலாம் நங்கையா.

போன் செய்து வரவழைத்த மலையாளி மெக்கானிக் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். "சேச்சி, இக்னிஷன் காயில் போயிட்டு. லைட் முன்னாடியே காட்டியிருக்குமே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

எப்போது எழுந்து வந்தாரோ, அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதத் தொடாதீங்க தம்பி. என்ற ஊட்டுக்காரியோடது. ஞாபகத்துக்குன்னு தங்கச்சி வெச்சிருக்குது. அதப் பாத்துட்டேதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரது."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த நுங்கு மட்டைகளைப் பார்த்தேன். அவர் விரலை எடுத்துக்கொண்டு வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்.

இப்போது வண்டி சரியாகிவிட்டது, பொட்டுக்கு அடியில் விளக்கு எரியவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நேற்றுச் சாப்பிடும்போதுகூட, "நீ அத ஒட்டி வெச்சது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருக்குது தெரியுமா அம்மிணி" என்றார். உண்மையைச் சொன்னால் அந்த ஆறுதலும் போய்விடாதா? சொல்லாவிட்டால், உங்கள் பொட்டை வைத்தே அவரை இன்னொரு தரம் ஏமாற்றினவள் ஆக மாட்டேனா? "ஏங்கண்ணு, மறைக்கறதுக்கு என்ற பொட்டுத்தான் கெடச்சுதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சிரித்துக்கொண்டு கேட்கிறீர்களா, கோபமாகவா என்றுதான் தெரியவில்லை.

நாளைக்கு மறுபடி கோயம்புத்தூர். வண்டியைக் கிளப்பும் முன்னால், எதற்காக ஒட்டினேன் என்று அண்ணனிடம் சொல்லிவிடுவேன். பிறகு அந்தப் பொட்டைக் கிழியாமல் எடுத்து, அவர் உட்காரும் பக்கம், அவர் கண்ணுக்கு நேராக ஒட்டுவேன். அடியில் எந்த விளக்கும் இல்லாத இடமாகப் பார்த்து. அதற்கப்புறம் அவர் கையை நீட்டினால், சாவியைக் கொடுத்துவிடுவேன்.

இன்று ராத்திரி வரைக்கும் சாவியை வைத்திருக்கும்
உங்கள் நாத்தனார்,
சரசு