தண்ணீருக்கு அடியில் ஒரு வீடு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சொல்லும்படியான குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி ஒரு நாள் குறைகிறது, மறுநாள் வட்டியோடு திரும்பி வருகிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து துணி காயப்போடுவது என் வேலை, நான் கிளிப் போடும் அழகு அவளுக்குப் பிடிக்கவில்லை, கீழே நின்றபடியே குறை சொல்கிறாள். உன் தம்பி வேலை மாறிவிட்டான், நல்ல இடம் என்கிறான், ஆனால் குரல் அப்படிச் சொல்லவில்லை, நீ ஒரு தடவை பேசிப் பார்.

பேரனைப் பள்ளியில் பூர்வகுடிகளைப் பற்றி ஏதாவது படம் ஒட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள், தேடினால் இறகும் ஈட்டியுமாகத்தான் வருகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்று மழலையர் பள்ளியில் போய்ச் சேர்ந்தவனுக்கு அது தெரியும் என்று நீ நினைப்பது உன் பெருந்தன்மை. பிள்ளைகள் என்னையும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், மீசை வைத்த மிஸ். இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரையச் சொல்லியிருந்தேன். குழாய், தொட்டி, மேகம் என்று வரைந்தார்கள், ஒருவன் தன் அம்மாவை வரைந்தான், கேட்டால் பாட்டிலில் ஊற்றுவது அவர்தானே என்றான். வகுப்பிலேயே சின்ன உருவமாக ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், பட்டாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்தை வரைந்து, நீலத்துக்கு அடியில் கதவும் ஜன்னலுமாக ஒரு வீடும் பக்கத்தில் ஒரு ஆடும் போட்டிருந்தாள். மீன் வீடாம்மா என்று கேட்டேன். "இல்ல மிஸ், எங்க அம்மா வீடு" என்றாள். பக்கத்தில் உட்காரும் முட்டைக்கண்ணன், தண்ணிக்குள்ள வீடு எப்படி இருக்கும், நீ புளுகுணி என்றான். அவ்வளவுதான், வகுப்பு முழுக்கப் புளுகுணி புளுகுணி என்று ராகம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. நான் அதட்டியதில் பாட்டு நின்றது, பெயர் நிற்கவில்லை. பட்டாணி அழவில்லை, கிரேயானின் காகிதத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

அவளுடைய அம்மா பஸ் கண்டக்டர். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில், தோளில் டிக்கெட் பையோடு பள்ளிக்கு வந்து நின்றார். "அணை கட்டறப்ப எங்க ஆளுங்க எல்லாரையும் கீழ இறக்கிட்டாங்க சார், அப்ப எனக்கு இவ வயசுதான். எங்களுக்கு முன்னாடி அந்த மலையில யாரும் இருந்ததில்ல" என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில் பூர்வகுடிகளுக்கு ஒரு பக்கம் உண்டு, அதில் இடுப்பில் இலை கட்டிய ஒருவர் நிற்கிறார். இவர் சீருடையில் நின்றுகொண்டு அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "அவ வரைஞ்ச படத்தை ஒட்டுங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. எம்பொண்ணு பொய் சொல்லலன்னு மட்டும் வகுப்புல சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் பட்டாணி வந்ததும் வகுப்பில் சொன்னேன். பட்டாணி சொன்னது நிஜம், அந்த ஏரி வர்றதுக்கு முன்னாடி அங்க ஒரு ஊர் இருந்தது, நம்ம ஊருக்குத் தண்ணி வேணும்னு அவங்களை அங்கேயிருந்து அனுப்பிட்டாங்க என்றேன். அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு குழந்தை எழுந்து ஆடு என்னாச்சு என்று கேட்டது. "அதையும் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றாள் பட்டாணி. வகுப்புக்கு மூச்சு வந்தது.

படத்தைச் சுவரில் ஒட்டினேன். அந்த வாரம் கண்காட்சி, சிறப்பு விருந்தினர் குடிநீர் வாரிய எஞ்சினியர். எங்கள் தலைமை ஆசிரியைக்குப் பெரிய மிஸ் என்று பெயர், அவர் படத்தைப் பார்த்து, இதை எடுத்துட்டு ஒரு மயில் ஒட்டுங்க சார் என்றார். எடுக்க முடியாது என்றேன். அடுத்த வருஷம் உங்களை வெச்சுக்கறதா வேணாமான்னு யோசிக்கணும் என்றார். யோசியுங்கள் என்றேன். எஞ்சினியர் இளவயதுக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படத்தின் முன் நின்று யார் வீடு என்று கேட்டார், பட்டாணி சொன்னாள். அங்க ரொம்ப ஆழம்மா என்றார். "அப்ப எங்க வீடு நனைஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். பெரிய மிஸ் அவரிடம் பிஸ்கட் தட்டை நீட்டினார், எல்லோரும் அடுத்த சுவருக்குப் போனோம்.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை இடைவேளையில் குழாயடியில் கூட்டமாக இருந்தது. முட்டைக்கண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாணியிடம் குடிக்கட்டுமா என்று கேட்கிறான். அவள் யோசிக்கிறாள். பிறகு, "சரி, குடி. ஆனா கீழ ஊத்தக் கூடாது" என்கிறாள். அவனுக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதென்ன கூத்து, நிறுத்துங்கள் என்றார் பெரிய மிஸ், நான் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் அவர்களே மறந்துவிட்டார்கள், பிள்ளைகள் அப்படித்தான். முட்டைக்கண்ணன் மட்டும் இன்னும் கேட்கிறான். நேற்று எனக்குத் தாகம் எடுத்தது, அவனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

வேலை இருக்குமா என்று இன்னும் தெரியாது. வீட்டிலேயே இருந்தால் என் உயிரை எடுப்பீர்கள் என்று அம்மா இப்போதே கவலைப்படுகிறாள். மாப்பிள்ளையை மாத்திரையை விடாமல் போடச் சொல். பேரனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று பார்த்து வை, போன தடவை தள்ளிப்போனது. மூன்று பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன்
அப்பா