கூடுவாஞ்சேரியில் ஏறியவளுக்கு

என் வாயாடி மல்லிகாவுக்கு,

காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் போனவள் நீ. ரெண்டு நாளில் வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே யாரோடு வம்பளந்துகொண்டிருக்கிறாய்?

இங்கே ரயில் பாதை அகலமாகி, புது மின்சார ரயில் விட்டிருக்கிறார்கள். கூட்டம் மட்டும் அப்படியேதான். மூன்று பேர் சீட்டுக்கு நாலாவதாக வருகிறவள் இன்னமும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்கிறாள். அதைக் கேட்டாலே உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"வூட்ல மாமியாருக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கினு, ஆபீஸ்ல மேனேஜருக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கினு, இங்கயும் நான்தானா? யக்கா, நீ இங்கிலீஷ் டீச்சராச்சே, இந்த வார்த்தய எவன் கண்டுபுட்ச்சான், சொல்லு!" என்பாய். திட்டிக்கொண்டே நகர்ந்து இடமும் கொடுப்பாய்.

போன வாரம்தான் பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியில் அந்த 'அட்ஜஸ்ட்'டைத் தேடிப் பார்த்தேன். லத்தீனில் அதன் வேருக்குப் 'பக்கத்தில்' என்று பொருளாம். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சரிசெய்வது' ஆகியிருக்கிறது. பொறுத்துப் போ, வாயை மூடிக்கொள் என்பதெல்லாம் நாம் அதன் தலையில் கட்டியது. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார்கள். உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்ல?

செங்கல்பட்டில் ஏறியதும் இன்னமும் கைப்பையைப் பக்கத்தில் வைத்து உனக்கு இடம் போடுகிறேன். கேட்டால், "ஆள் வராங்க" என்கிறேன். பழக்கதோஷம் என்று மழுப்பமாட்டேன். நீ இல்லாமல் தனியாக உட்கார முடியவில்லை மல்லிகா, அவ்வளவுதான்.

நேற்று மறைமலைநகரில் கூடையோடு ஏறிய ஒரு அம்மா கூடுவாஞ்சேரி தாண்டியும் நின்றுகொண்டே வந்தாள். "இன்னாம்மா, ஆளு வருதுன்னியே, எங்க கீது?" என்றாள்.

"இனிமே வரமாட்டா" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தனை பேர் நடுவில் அழுதும் தொலைத்தேன்.

அவள் என் கைப்பையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தாம்பரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைப்போல இல்லை.

இனி யாரையும் நிற்கவைக்க மாட்டேன், சத்தியம். ஆனால் கூடுவாஞ்சேரியில் வண்டி நிற்கும்போது வாசலைப் பார்க்காதே என்று மட்டும் சொல்லிவிடாதே. அது என்னால் ஆகாது.

கூடப் பிறக்காத உன் யக்கா,
சரோஜா